டிரைடன் கதையின் மறுபாதி

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. சின்ன வயதிலிருந்தே ஐஸ் ஹொக்கி விளையாடுகிறான்; கோல் காப்பாளர். ஒன்ராறியோ ஜூனியர் லீக் அணி ஒன்று அவனைக் கூப்பிட்டிருக்கிறது. போனால் வேறு ஊரில், முன்பின் தெரியாத ஒரு குடும்பத்துடன் தங்க வேண்டும். அவனுடைய அப்பாவோ, "மொன்றியல் அணியின் பழைய கோல் காப்பாளர் கென் டிரைடனைப் பார், சட்டம் படித்துக்கொண்டே விளையாடினார்" என்று தினமும் சாப்பாட்டு மேசையில் தொடங்கிவிடுகிறார். மகன் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விடுகிறான். நான் என்ன செய்வது?
- ஒரு தாய், ஸ்காபரோ

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, இன்னும் ஒரு மாதத்துக்கு டிரைடனின் பெயரை எடுக்க வேண்டாம் என்று முதலில் உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். அவர் சொல்வதில் பொய் இல்லை, ஆனால் பாதியைத்தான் சொல்கிறார். அந்தப் பாதியை வைத்துப் பிள்ளையின் தலையில் குட்டிக்கொண்டே இருந்தால், தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு மனிதர்மீது பிள்ளைக்கு வெறுப்புத்தான் வரும்.

1964இல் என்.எச்.எல். என்ற வட அமெரிக்கத் தொழில்முறை ஹொக்கி லீக்கின் பொஸ்டன் அணி டிரைடனைத் தெரிவு செய்தபோது அவருக்கும் வயது 16தான். சில நாட்களிலேயே அவரை மொன்றியல் அணிக்குக் கைமாற்றிவிட்டார்கள். அவரோ அமெரிக்காவில் கோர்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போய் வரலாறு படித்தார். உங்கள் கணவர் பிடித்துக்கொண்டிருப்பது இந்த இடத்தைத்தான். ஆனால் கோர்னெலில் அவர் ஹொக்கியை மூட்டை கட்டி வைத்துவிடவில்லை. 1967இல் கோர்னெல் அணி அமெரிக்கக் கல்லூரிச் சம்பியன் ஆனபோது கோல் காத்தவர் அவர்தான். வீட்டையும் பாருங்கள். அவருடைய தந்தை ரொறன்ரோ வீட்டின் பின்வளவில் தார் போட்டு, கோல் கம்பங்களும் நட்டுக்கொடுத்தவர். மூத்த மகன் டேவும் அங்கே விளையாடித்தான் என்.எச்.எல். கோல் காப்பாளர் ஆனார். (அந்தத் தந்தையும் தாயும் 1970இல் ஏழைப் பிள்ளைகளுக்குப் படுக்கைப் பொருட்கள் கொடுக்கும் ஒரு தொண்டு அமைப்பையும் தொடங்கினார்கள். அவர்கள் முதலில் போன நாடு இந்தியா. கேள்விக்குத் தொடர்பில்லைதான், சொல்லாமல் விட மனம் வரவில்லை.)

1971 மார்ச்சில் மொன்றியல் அணி அவரை மேலே அழைத்தபோது அவர் மக்கில் பல்கலைக்கழகத்தில் சட்ட மாணவர். ஆறே ஆறு ஆட்டங்கள் ஆடியிருந்தவரை இறுதிச் சுற்றுகளுக்குக் கோலில் நிறுத்தினார்கள். எதிரில் பொபி ஓர், பில் எஸ்பொசிட்டோ என்ற நட்சத்திர வீரர்கள் ஆடிய பொஸ்டன். அந்தப் பருவத்தில் 399 கோல் போட்ட அணி அது. ஏழு ஆட்டங்கள் போராடி அதை வென்று, லீக் சம்பியனுக்கான ஸ்டான்லி கிண்ணத்தையும் எடுத்தார்கள். இறுதிச் சுற்றுகளின் சிறந்த வீரர் விருது டிரைடனுக்கு. சிறந்த புதுமுகம் என்ற விருது அதற்கு அடுத்த ஆண்டுதான் வந்தது! இதைச் சொல்லுங்கள், மகன் தட்டோடு எழுந்து போகமாட்டான்.

உங்கள் கணவர் விட்டுவிட்ட பாதி 1973இல் இருக்கிறது. லீக்கில் மிகக் குறைந்த கோல்கள் வாங்கிய அணியின் கோல் காப்பாளருக்கு அந்தக் காலத்தில் கொடுத்துவந்த வெசினா விருதை அப்போதுதான் வென்றிருந்தார். கேட்ட சம்பளத்தைக் கழகம் கொடுக்கவில்லை. "சரி, நான் போகிறேன்" என்று சொல்லிவிட்டு, ரொறன்ரோவில் ஒரு சட்ட நிறுவனத்தில் பயிற்சிச் சட்டத்தரணியாகச் சேர்ந்தார். சம்பளம் வாரத்துக்குச் சுமார் 135 டொலர். ஒரு முழுப் பருவம் அப்படியே போனது. அவர் இல்லாத அந்தப் பருவத்தில் மொன்றியல் முந்தைய பருவத்தைவிட 56 கோல்கள் கூடுதலாக வாங்கி, இறுதிச் சுற்றுகளின் முதல் கட்டத்திலேயே வெளியேறியது. அடுத்த பருவத்தில் கூடுதல் சம்பளத்தோடு அவரைத் திரும்ப எடுத்தார்கள். பிறகு 1976 முதல் 1979 வரை தொடர்ந்து நான்கு கிண்ணங்கள். வழக்கமான பருவ ஆட்டங்களை எடுத்துக்கொண்டால், வாழ்நாளில் ஆடியது 397, தோற்றது 57. ஆகக் கடைசிக் கிண்ணத்தோடு, 31 வயதில், போதும் என்று விலகியும்விட்டார்.

ஹொக்கி சோறு போடாது என்று பயந்து படித்தவராகத்தான் உங்கள் கணவர் அவரைக் காட்டுகிறார். எனக்கு அவர் வேறுவிதமாகத் தெரிகிறார். அந்தப் படிப்பு இருந்ததால்தான் அவரால் கழகத்தின் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல முடிந்தது. 16 வயதுப் பையனுக்கு இந்தக் கதை புரியும். "பிறகு என்ன செய்வாய்" என்ற கேள்வி அவனுக்கு எரிச்சலைத்தான் மூட்டும். "உன்னை மலிவாக வாங்கப் பார்த்தால் என்ன செய்வாய்" என்று கேட்டுப் பாருங்கள்.

ஆனாலும் டிரைடனை அளவுகோலாக வைக்காதீர்கள். விலகிய பிறகு அவர் புத்தகங்கள் எழுதினார், ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் ஹொக்கிக் கழகத்தின் தலைவரானார், நாடாளுமன்றம் போனார், கனேடியப் பிரதமர் போல் மார்ட்டினின் அரசில் அமைச்சராகவும் இருந்தார். எந்தப் பிள்ளையையும் அவரோடு ஒப்பிட்டால் பிள்ளை தோற்கும். ஒப்பிடுகிற அப்பாவும் தோற்பார்.

இனி உங்கள் வீட்டுக் கணக்கு. முன்பு அந்த ஜூனியர் லீக்கில் கால் வைத்தால் அமெரிக்கக் கல்லூரி ஹொக்கிக் கதவு மூடிவிடும். 2025 ஆகஸ்ட் முதல் அந்த விதி மாறிவிட்டது. கனேடியப் பல்கலைக்கழகங்கள் முன்பிருந்தே ஜூனியர் லீக் வீரர்களை ஏற்றுவருகின்றன. ஆகவே "ஹொக்கியா படிப்பா" என்று இரண்டில் ஒன்றைத் தெரியச் சொல்லி நீங்கள் இப்போது பையனைச் சுவரோடு நிறுத்த வேண்டியதில்லை. பெரும்பாலான ஜூனியர் வீரர்கள் என்.எச்.எல். வரை போவதில்லை என்பதையும் மறைக்க வேண்டாம். அவனுக்கே அது தெரியும்.

அணியிடம் பேசும்போது நீங்களும் போங்கள். ஆடும் ஒவ்வொரு பருவத்துக்கும் ஓராண்டுப் படிப்புச் செலவு தருவார்கள். அதில் என்னென்ன அடங்கும், எத்தனை மாதத்துக்குள் பல்கலைக்கழகத்தில் சேராவிட்டால் அது காலாவதியாகும் என்பதை எழுத்தில் கேளுங்கள். தங்கப்போகும் வீட்டுக்குப் போய் அந்த அம்மாவோடு ஒரு தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். இரவு பஸ்ஸில் திரும்பி வந்து மறுநாள் பாடசாலைக்கு யார் எழுப்புவார்கள் என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு அவர்கள் தடுமாறினால் கவனம்.

தலையில் அடிபட்டால் திரும்ப ஆடலாமா என்று தீர்மானிப்பது பயிற்சியாளரா, மருத்துவரா? இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 35 வயதில் இறந்த ஸ்டீவ் மொன்டடோர் என்ற முன்னாள் வீரரின் மூளையில், திரும்பத் திரும்ப வாங்கிய அடிகளோடு தொடர்புள்ள நோய் இருந்தது. அதை முன்வைத்து டிரைடன் ஒரு புத்தகமே எழுதினார். 2025 செப்டெம்பரில், 78 வயதில் அவர் காலமானார். கடைசிக் காலத்தில் அவர் விடாமல் வாதாடியவற்றில் இதுவும் ஒன்று. உங்கள் கணவர் டிரைடனைப் பற்றிப் பேசியே ஆக வேண்டுமென்றால், அணி அதிகாரிகள் முன்னால் இதைப் பேசட்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அதை ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். மகனையும் கூட்டிக்கொண்டு போய், கேள்விகளை அவனையே கேட்கவிடுங்கள்.