கரண்டியில் வந்தது சாலடா, கஞ்சியா?

கேள்வி: வெயிலுக்குக் குளுகுளுவென்று இருக்கட்டும் என்று பார்லியைக் குக்கரில் வேகவைத்து, தர்பூசணி, ஆரஞ்சு, உப்பு, எலுமிச்சைச் சாறு எல்லாம் போட்டுக் காலையிலேயே சாலட் கலந்துவைத்தேன். மதியம் பார்த்தால் அடியில் தண்ணீர், மேலே கொழகொழவென்று பார்லி. எங்கே தப்பு செய்தேன்?

பதில்: உங்கள் கிண்ணத்தை நானும் பார்த்திருக்கிறேன், என் வீட்டிலேயே. விருந்தாளிகள் வருகிறார்களே என்று முந்தின ராத்திரியே எல்லாவற்றையும் கலந்து ஃபிரிட்ஜில் வைத்தேன். மறுநாள் கரண்டியில் வந்தது கஞ்சி. வந்தவர்கள் நல்ல மனசுக்காரர்கள். டம்ளரில் ஊற்றிக் குடித்துவிட்டுப் போனார்கள்.

முதல் தப்பு குக்கர். ஒரு கப் பார்லியைக் கழுவி, தளதளவென்று கொதிக்கிற ஐந்தாறு கப் தண்ணீரில் போடுங்கள். தோல் தீட்டிய பார்லி வேக 25 முதல் 30 நிமிடம் பிடிக்கும். 20 நிமிடம் ஆனதுமே ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பாருங்கள். உள்ளே மாவு தட்டக் கூடாது, ஆனால் பல்லுக்குக் கொஞ்சம் வேலை இருக்கவேண்டும். அந்தப் பதத்தில் வடித்து, பச்சைத் தண்ணீரில் ஒருமுறை அலசினால் கொழகொழப்பு போய்விடும்.

அடுத்ததைத்தான் பலரும் செய்வதில்லை: அகலமான தட்டில் துணி விரித்து, பார்லியை மெல்லிசாகப் பரப்பி, ஃபேன் காற்றில் கால் மணி நேரம் விடுங்கள். அள்ளிவிட்டால் விரல் இடுக்கில் ஒட்டாமல் பொலபொலவென்று உதிரவேண்டும். உதிர்ந்தால் பாதி சாலட் முடிந்தது.

இரண்டாவது தப்பு உப்பு. தர்பூசணியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். உப்புப் பட்டதும் அது வெளியே வந்துவிடும். அதனால் உப்பு, எலுமிச்சைச் சாறு, ஒரு ஸ்பூன் ஆலிவ் எண்ணெய், மிளகுத்தூள் எல்லாம் பார்லிக்கு மட்டும். தர்பூசணியை நறுக்கி வடிதட்டில் தனியே ஃபிரிட்ஜில் வைத்து, சாப்பிட உட்காரும்போது சேருங்கள். ஆரஞ்சுச் சுளையின் வெள்ளைத் தோலை உரித்துவிடுங்கள், கசப்பு அதில்தான். மாதுளை முத்தும் முழுத் திராட்சையும் சாதுக்கள், முன்னாலேயே போட்டாலும் தண்ணீர் விடாது. புதினாவைக் கடைசியில் கையால் கிள்ளிப் போடுங்கள். புளிப்பில் ஊறினால் கறுத்துப்போகும்.

கேள்வி: பார்லிக்குப் பதில் குயினோவா போடலாமா? மிச்சமானால் மறுநாளைக்கு வைக்கலாமா?

பதில்: தாராளமாக. க்ளூட்டன் என்ற தானியப் புரதம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அதுதான் சரி, பார்லியில் க்ளூட்டன் உண்டு. குயினோவாவின் மேல் சபோனின் என்ற கசப்புப் பூச்சு இருக்கும். நுரை நிற்கும்வரை கழுவுங்கள். 15 நிமிடத்தில் வெந்துவிடும். சோற்றை மட்டும் நான் சிபாரிசு செய்யமாட்டேன், ஃபிரிட்ஜில் விறைத்துப்போகும்.

வெந்த தானியத்தை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடாதீர்கள். கொளுத்துகிற வெயில் நாளில் ஒரு மணி நேரமே அதிகம். பழம் சேர்க்காமல் மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும்.

தயிர் ஊற்றுவதாக இருந்தால் வேகவைக்காத அன்னாசி வேண்டாம். அதிலுள்ள என்சைம் தயிரைக் கசக்க வைத்துவிடும். அந்தக் கிண்ணத்தை டம்ளரில் ஊற்றிக்கூட யாரும் குடிக்கவில்லை.