இருபது நிமிடத்தில் திக்கும் கம்ப்யூட்டர்: கார்டைக் கழற்றிக் கொடுக்கும் முன்

கேள்வி: மகனுக்கு இரண்டு வருடம் முன்பு கம்ப்யூட்டர் ஒன்று அசெம்பிள் செய்து கொடுத்தேன். ரைசன் 5 5600 பிராசசர், 8 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு, 256 ஜிபி எஸ்எஸ்டி, 1 டிபி ஹார்ட் டிஸ்க், 450 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), விண்டோஸ் 11. வேலரன்ட், ஜிடிஏ 5 என்ற இரண்டு கேமும் ஆடுகிறான். முதலில் நன்றாக ஓடுகிறது. இருபது நிமிடம் போனால் திக்கித் திக்கி நகர்கிறது. சில சமயம் ஒரு விநாடி அப்படியே நின்று, சத்தமும் அறுந்து வருகிறது. ஜிடிஏவை நெட் இல்லாமல் ஆடினாலும் இதே கதைதான். கடையில் “கார்டு போயிடுச்சு. பழையதை 2,000 ரூபாய்க்கு எடுத்துக்கிறோம், வேற கார்டு 14,000. எஸ்எம்பிஎஸ்ஸும் 750 வாட் போடணும்” என்கிறார்கள். மாற்றிவிடலாமா? (தென்காசி வாசகர்)

பதில்: வேண்டாம். இந்த வாரம் எதையும் வாங்காதீர்கள், பெட்டியைக் கடையில் விட்டுவிட்டும் வராதீர்கள். கார்டு போகும்போது பெரும்பாலும் திரையில் கோடு விழும், கலர் கலராகக் கட்டம் தெரியும், கேம் தானாக மூடிக்கொள்ளும், அல்லது திரையே கறுத்துப்போகும். நீங்கள் எழுதியதில் இது எதுவும் இல்லை. நன்றாகத் தொடங்கி இருபது நிமிடம் கழித்துத் திக்குகிறது என்றால் என் சந்தேகம் முதலில் சூட்டின் மேல், அடுத்து ராமின் மேல். நெட் இல்லாமலும் வருவதால் இன்டர்நெட்டை இதில் இழுக்க வேண்டியதில்லை.

சூட்டைச் சோதிக்க ஒரு ரூபாய் செலவில்லை. உங்கள் சிபியு பெட்டி கம்ப்யூட்டர் டேபிளின் கீழ் அறைக்குள் இருக்கிறதா? நம் ஊர் டேபிள்களில் அந்த அறைக்குப் பின்பலகையும் அடித்து, முன்னால் ஒரு கதவும் வைத்திருப்பார்கள். பெட்டி வெளியே தள்ளிய சூடான காற்றையே திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும். முதலில் அதை வெளியே எடுத்துத் தரையிலிருந்து சற்று உயரமாக வையுங்கள். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, டேபிள் ஃபேனை நேராக அதன்மேல் திருப்பிவிட்டு மகனை ஒரு மணி நேரம் ஆடச் சொல்லுங்கள். திக்கல் காணாமல் போனால் காரணம் சூடுதான்.

எண்ணாகப் பார்க்க வேண்டுமென்றால் ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். உங்கள் பிராசசருக்கு உச்ச வரம்பு 90 டிகிரி. அதைத் தொட்டதும் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 4.4 கிகாஹெர்ட்ஸ் வரை போகக்கூடியது கீழே இறங்கும்போது நீங்கள் பார்ப்பதுதான் அந்தத் திக்கல். கார்டு 85ஐத் தாண்டினால் அதுவும் அதிகம்.

தூசி தட்டுவது வீட்டிலேயே முடியும். மின்சாரத்தை எடுத்துவிட்டு ப்ளோயரால் ஊதுங்கள். ஊதும்போது விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுழலவிடாதீர்கள். பிராசசருக்கும் அதன் மேல் உள்ள கூலருக்கும் நடுவே தடவியிருக்கும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றுவதென்றால் மட்டும் கவனம். உங்கள் பிராசசருக்கு அடியில் ஊசி ஊசியாகப் பின்கள் உண்டு. காய்ந்த பேஸ்ட்டோடு கூலரை வெடுக்கென்று மேலே இழுத்தால் பிராசசரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், பின் வளைந்துவிடும். கொஞ்ச நேரம் கேம் ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, மின்சாரத்தை எடுத்த பிறகு கூலரை இடமும் வலமும் மெதுவாகத் திருகி அப்புறம் தூக்க வேண்டும். கடையில் செய்தால் இதை உங்கள் கண்முன் செய்யச் சொல்லுங்கள்.

அடுத்தது ராம். விண்டோஸ் 11, பின்னணியில் குரோம், டிஸ்கார்டு எல்லாம் சேர்ந்தால் 8 ஜிபியில் பாதி அங்கேயே போய்விடும். மீதியில் ஜிடிஏ ஓட வேண்டும். ராம் நிரம்பியதும் விண்டோஸ் டிஸ்கை ராம் மாதிரி பயன்படுத்த ஆரம்பிக்கும், அங்கேதான் திக்கும். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியைத் திறந்து வைத்துவிட்டு ஆடட்டும். திக்கும் நேரத்தில் மெமரி (ராம்) 90 சதவீதத்துக்கு மேல், டிஸ்க் 100 என்று நின்றால் விடை கிடைத்துவிட்டது. உங்களிடம் இருப்பது 8 ஜிபி ஒரே குச்சியாகத்தான் இருக்கும். இந்த விலையில் அசெம்பிள் செய்பவர்கள் அப்படித்தான் போடுகிறார்கள். அதே வேகத்தில் இன்னொரு 8 ஜிபி போட்டால் இடம் இரட்டிப்பாவதோடு இரண்டு பாதையில் தரவு போகும், திக்கல் நன்றாகவே குறையும். மதர்போர்டில் நான்கு துளைகள் இருந்தால் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது துளைகளில் மாட்ட வேண்டும். டாஸ்க் மேனேஜரில் ராம் வேகம் 3200 என்று காட்டுகிறதா என்றும் பாருங்கள். 2133 அல்லது 2666 என்று காட்டினால், பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் முதலில் ஓடும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) ராமை முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியை ஆன் செய்யாமல் விட்டிருக்கலாம். சில போர்டுகளில் அதற்கு டிஓசிபி என்று பெயர். ஜிடிஏ ஹார்ட் டிஸ்கில் இருந்தால் எஸ்எஸ்டிக்கு மாற்றிவிடுங்கள்.

இப்போது அந்த ஒரு விநாடி நிற்பது. இதைத் தனியாகப் பிரித்துப் பார்க்கிறேன், ஏனென்றால் சூடும் ராமும் சரியாக இருந்தும் இது மட்டும் தொடரலாம். ரைசன் கம்ப்யூட்டர்களில் பாதுகாப்புக்கென்று எஃப்டிபிஎம் (சுருக்கமாக டிபிஎம்) என்ற ஒன்று இயங்குகிறது. அது போர்டில் உள்ள பயாஸ் சிப்போடு அவ்வப்போது பேசும். பழைய பயாஸில் அந்தப் பேச்சு நீண்டு, முடியும் வரை மொத்த கம்ப்யூட்டரும் நின்றுவிடும், சத்தமும் சேர்ந்து அறுபடும். இதை ரைசனைத் தயாரிக்கும் ஏஎம்டி நிறுவனமே 2022 மார்ச்சில் ஒப்புக்கொண்டது. அந்த வருடம் மே மாதத்திலிருந்து தீர்வோடு புது பயாஸ் வர ஆரம்பித்தது. உங்கள் போர்டு அதற்கு முன் தயாராகிக் கடையில் கிடந்த பழைய ஸ்டாக்காக இருந்திருக்கலாம். விண்டோஸ் தேடலில் எம்எஸ்இன்ஃபோ32 என்பதை ஆங்கிலத்தில் அடித்தால் பயாஸ் தேதி தெரியும். 2022 நடுப்பகுதிக்கு முந்தைய தேதி என்றால் போர்டு தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து புது பயாஸை இறக்கிப் போட வேண்டும்.

போடும் முன் இரண்டு விஷயம். வேலை நடக்கும்போது மின்சாரம் போனால் போர்டே முடங்கலாம். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவித்த நாளில் கண்டிப்பாக இதைத் தொடாதீர்கள். மற்ற நாளிலும் யுபிஎஸ் வேண்டும். இல்லையென்றால் இரவல் வாங்குங்கள். இரண்டாவது, பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) ஆன் ஆகியிருந்தால் அதன் ரெகவரி கீயை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு ஆரம்பியுங்கள். அந்த கீ இல்லாமல் மாட்டிக்கொண்டால் மகனின் கல்லூரிக் கோப்புகள் எல்லாம் போய்விடும். “டிபிஎம்மை ஆஃப் செய்தால் சரியாகிவிடும்” என்று வீடியோக்களில் சொல்வதைக் கேட்காதீர்கள். விண்டோஸ் 11இல் டிபிஎம் இல்லாமல் வேலரன்ட் திறக்காது.

750 வாட் எஸ்எம்பிஎஸ் உங்களுக்குத் தேவையே இல்லை. உங்கள் பிராசசர் 65 வாட் வகை, கார்டு 75 வாட் வகை. பெயருள்ள நிறுவனத்தின் 450 வாட் எஸ்எம்பிஎஸ் தாராளம். கேபினெட்டோடு இலவசமாக வந்த பெயரில்லாத எஸ்எம்பிஎஸ் என்றால் மாற்றலாம், அதுவும் 450 அல்லது 550 வாட்டில் நல்லதாக.

இனி அந்த எக்ஸ்சேஞ்ச் விஷயம். கிராபிக்ஸ் கார்டுகளுக்குப் பெரும்பாலும் மூன்று வருட வாரண்டி உண்டு. உங்கள் கம்ப்யூட்டருக்கு வயது இரண்டு. கார்டு நிஜமாகவே போயிருந்தாலும் நிறுவனம் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும், அல்லது மாற்றித் தர வேண்டும். நீங்கள் 2,000 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டு வந்த மறுநாளே கடைக்காரர் அதே கார்டை வாரண்டியில் அனுப்பி நல்ல கார்டாக வாங்கி இன்னொருவருக்கு விற்கலாம். போகவே போகாத கார்டு என்றால் அனுப்பக்கூட வேண்டாம், துடைத்து விற்றுவிடலாம். எல்லாக் கடைக்காரரும் இப்படி இல்லை. ஆனால் எதையும் அளந்து பார்க்காமல், ஒரு டிகிரி கூடக் காட்டாமல் “கார்டு போச்சு” என்று சொல்பவரிடம் உங்கள் கார்டைக் கழற்றிக் கொடுக்காதீர்கள்.

அவர் தரும் 14,000 ரூபாய் கார்டு எது என்று கேட்டீர்களா? 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் (கார்டுகளை ஓட்டி டிஜிட்டல் நாணயம் சம்பாதிப்பது) முடிந்ததும் இரவு பகலாக ஓடிக் களைத்த கார்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன, ரிஃபர்பிஷ்டு என்ற பெயரில் இன்னும் சுற்றுகின்றன. ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி என்று ஒன்றை நீட்டுவார்கள். பெயரில் 580 இருந்தாலும் அது கிட்டத்தட்ட அதற்கு ஒரு படி கீழான 570தான். பழைய கார்டுக்குள் இருக்கும் பயாஸை மாற்றி எழுதி 1050 டிஐ என்று விற்ற மோசடியும் நடந்திருக்கிறது. எந்தக் கார்டு வாங்கினாலும் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைக் கடையிலேயே ஓட்டிப் பாருங்கள். பல போலிகளை அது பெயரிலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

“ஃபார்மட் போட்டுத் தர்றேன், லைட் விண்டோஸ் போட்டா பறக்கும்” என்பதும் வேண்டாம். யாரோ வெட்டி ஒட்டிய கிராக் விண்டோஸில் பின்னணியில் மைனர் (உங்களுக்குத் தெரியாமல் மைனிங் செய்யும் மென்பொருள்) ஓடினால் அதுவே புதுத் திக்கலுக்குக் காரணமாகும். டிரைவர் அப்டேட்டர், ராம் கிளீனர் எதுவும் இறக்காதீர்கள். டிரைவரை என்விடியா தளத்திலிருந்து நேராக எடுங்கள்.

பெட்டியைக் கடையில் விட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், வீட்டிலேயே கார்டு, ராம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ் எல்லாவற்றின் சீரியல் நம்பரையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் கண்முன் எடுத்தால் இன்னும் நல்லது. வாங்கும்போது ஒப்பிட்டுப் பாருங்கள். ஜாப் கார்டு, அதாவது பெட்டியை ஒப்படைத்ததற்கான ரசீது, இல்லாமல் கொடுக்காதீர்கள்.

பில் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. “பில் வேணும்னா 18 சதவீதம் கூட ஆகும்” என்று சொல்லியே பாதிப் பேரைப் பில் இல்லாமல் அனுப்பிவிடுகிறார்கள், அப்புறம் வாரண்டி கேட்டால் பில் எங்கே என்கிறார்கள். பில் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் எந்தத் தெருவில் யார் வந்து கேட்கிறார்கள்? வாரண்டியும் அப்படித்தான். தென்காசிவரை கொண்டுவந்து விற்க நிறுவனங்களுக்கு முடிகிறது. பழுதானால் மட்டும் வேறு நகரத்துக்கு நம் செலவில் கூரியர் அனுப்பி வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பது அநியாயம். அதைச் சகித்துக்கொள்ளத் தயங்கித்தான் மக்கள் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடுகிறார்கள்.

பில் தொலைந்திருந்தாலும் கார்டில் உள்ள சீரியல் நம்பரை நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள். சில நிறுவனங்கள் தயாரித்த தேதியை வைத்தே வாரண்டி கணக்கிடுகின்றன. கடைக்காரர் பழைய பில்லின் நகலைத் தர மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது.

ஃபேன் சோதனையை இன்றே செய்துவிடலாம். டாஸ்க் மேனேஜரில் திக்கும் நேரத்து மெமரி, டிஸ்க் எண்களைக் குறித்துக்கொண்டு, பயாஸ் தேதியையும் சேர்த்து எழுதுங்கள். ராம் வாங்க வேண்டுமா, பயாஸ் மட்டும் போதுமா என்று அதை வைத்துச் சொல்கிறேன்.