வாசகருக்கும் பிடித்து, கூகுளிலும் முன்னால் வரும்படி தமிழில் கட்டுரை எழுதுவது எப்படி?

நீங்கள் அநேகமாக ஒரு தளம் தொடங்கி, முப்பது நாற்பது கட்டுரை போட்டு, ஆள் வராமல், ‘கீவேர்டு’ (ஆட்கள் கூகுளில் தட்டித் தேடும் சொல்) பற்றிய வீடியோக்களாகப் பார்த்துக் குழம்பிப்போய் இங்கே கேட்டிருக்கிறீர்கள். இல்லையென்றால் மன்னியுங்கள். நான் அப்படி இருந்தவன். கேட்கிற எல்லோரும் என்னைப் போலத்தான் என்று ஒரு நினைப்பு.

நான் எஸ்இஓ, அதாவது தேடலில் பக்கத்தை முன்னால் கொண்டுவரும் வேலையில், நிபுணன் இல்லை. இரண்டரை வருடம் கூலிக்குக் கட்டுரை எழுதியவன். வார்த்தைக்கு 35 பைசா. 2018 பிப்ரவரியில், தளங்களில் விளம்பரம் போட்டுக் காசு தரும் கூகுளின் ஆட்சென்ஸ் தமிழுக்கும் வந்தது. அதற்கப்புறம் புதுத் தளங்கள் பல முளைத்தன. அதில் ஒன்றுக்கு எழுதினேன். பெயர் வேண்டாம்.

காலையில் தளத்தின் ஆசிரியர் வாட்ஸப்பில் ஒரு சொல்லை அனுப்புவார். உதாரணமாக, ‘பட்டா மாறுதல்’. 1,200 வார்த்தைக்குள் அது இருபது தடவையாவது வர வேண்டும். எழுதியதைக் கீவேர்டை எண்ணும் கருவியில் போட்டால் பச்சைப் புள்ளி விழ வேண்டும். விழுந்தால்தான் காசு. அந்தக் கருவிக்கோ வேற்றுமை உருபு என்றால் என்னவென்றே தெரியாது. ‘மாறுதலுக்கு’ என்று எழுதினால் லகரத்தின் தலையில் இருந்த புள்ளி போய் உகரம் ஏறிவிடுகிறதல்லவா, அதன் கணக்கில் அது வேறு சொல். அதனால் ‘பட்டா மாறுதல் செய்ய விரும்புவோர் பட்டா மாறுதல் விண்ணப்பம் மூலம் பட்டா மாறுதல் பெறலாம்’ என்று எழுதினேன். பன்னிரண்டாவதில் தமிழில் பள்ளி முதல் மதிப்பெண் வாங்கிய அதே கையால்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாபநாசத்திலிருந்து சித்தப்பா வந்தார். தாத்தா பெயரில் இருக்கும் மூணு மா நிலத்தைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். பிரவுசிங் சென்டரில் எடுத்த பிரின்ட் அவுட் நாலு பக்கம் கையில். “தம்பி, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுடா, எனக்கு ஒண்ணும் விளங்கல” என்று நீட்டினார். முதல் வரியைப் பார்த்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. நான் எழுதியதுதான். நல்லவேளை, அந்தத் தளத்தில் எழுதியவர் பெயர் போட மாட்டார்கள்.

படித்துக் காட்டினேன். முதல் பக்கம் முழுக்கப் பட்டா என்றால் என்ன என்று விளக்கம். “பட்டான்னா என்னன்னு எனக்குத் தெரியாதாடா? இதைச் சொல்றவனுக்குத்தான் தெரியல போலிருக்கு.” இரண்டாம் பக்கம் பட்டாவின் நன்மைகள். மூன்றாம் பக்கத்தில் சித்தப்பா பொறுமை இழந்தார். “அத்தைங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணுமா வேணாமா? அது எங்க இருக்கு?”

எங்கேயும் இல்லை. எழுதும்போது எனக்கே அது தெரியாது. இன்னொரு தளத்தில் இருந்ததை மாற்றி எழுதினேன். அவர்கள் எங்கிருந்து எடுத்தார்களோ.

மறுநாள் இரண்டு பேரும் தாலுகா அலுவலகம் போனோம். தாத்தாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று இரண்டும் வேண்டும். அத்தைகள் வெறும் தாளில் கையெழுத்துப் போட்டால் செல்லாது. பங்கு வேண்டாம் என்றால் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். இல்லையென்றால் எல்லா வாரிசுகள் பெயரிலும் கூட்டுப் பட்டாதான். (என் அப்பாவுக்கும் அதில் பங்கு உண்டு என்பது சித்தப்பாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அது வேறு கதை.)

இந்தத் தகவலை என் சொந்தத் தளத்தில் எழுதினேன். முதல் பத்தியிலேயே பதில். பிறகு நிலம் வாங்கியவர்களுக்குத் தனியாக, வாரிசுகளுக்குத் தனியாக இரண்டு பகுதி. கீவேர்டை எண்ணவில்லை. சில மாதம் கழித்து, எதைத் தேடி ஆட்கள் வருகிறார்கள் என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலைத் திறந்தால், ‘அப்பா இறந்த பிறகு பட்டா’, ‘அக்கா கையெழுத்து இல்லாமல் பட்டா’ என்றெல்லாம் தேடி ஆட்கள் வந்திருந்தார்கள். பாதிப் பேர் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டியவர்கள். நான் செய்ததெல்லாம் அவர்கள் தட்டிய சொற்களை அப்படியே எடுத்துத் துணைத்தலைப்பு ஆக்கியதுதான். ‘பட்டா பெயர் மாற்றம்’ என்று தேடுகிறவர்களும் இருந்ததால் அதையும் ஒரு இடத்தில் சேர்த்தேன்.

“அப்படியானால் நன்றாக எழுதினாலே போதுமா, எஸ்இஓ எல்லாம் சும்மாவா?” என்று கிளம்பி வருவீர்கள். சும்மா என்று நான் சொல்லவில்லை. தமிழில் பக்க முகவரி வைத்தால் ‘பட்டா’ என்ற ஒரே சொல் சதவீதக் குறியும் எண்ணும் எழுத்துமாக 45 இடத்தைப் பிடிக்கும். வாட்ஸப்பில் ஒட்டினால் வைரஸ் என்று பயப்படுகிறார்கள். ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வையுங்கள். தகவலை அழகான எழுத்துருவில் படமாக மட்டும் போடாதீர்கள். கூகுளுக்கும் சிரமம், போனில் பெரிதாக்கிப் படிக்கிற சித்தப்பாவுக்கும் சிரமம். ஆனால் சாரமில்லாத பக்கங்களைக் கீழே தள்ள கூகுள் 2011-லேயே பாண்டா என்ற மாற்றத்தைக் கொண்டுவந்துவிட்டது. பக்கத்தின் பின்னால் மறைவாகக் கீவேர்டுகளை அடுக்கும் ‘மெட்டா டேக்’ பெட்டியைத் தரவரிசைக்குப் பார்ப்பதில்லை என்று அதற்கும் முன்பே, 2009-ல், அறிவித்தாயிற்று. எங்கள் ஆசிரியர் 2019-லும் அந்தப் பெட்டியை நிரப்பாவிட்டால் கட்டுரையைத் திருப்பி அனுப்புவார்.

அந்த ஆசிரியரைப் பற்றிச் சொன்னால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாதாமாதம் டிடிஎஸ் (என் பெயரில் அரசுக்குக் கட்ட வேண்டிய வரிப் பிடித்தம்) என்று 10 சதவீதம் பிடித்தார்கள். வருடக் கடைசியில், கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தை இறக்கிப் பார்த்தால் என் பெயரில் ஒரு பைசா கட்டவில்லை. கேட்டால் ‘அக்கவுண்ட்ஸ்ல சொல்லியிருக்கோம் ப்ரோ’. இன்றுவரை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் வார்த்தைக்கு 35 பைசா என்று யாராவது கூப்பிட்டால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சித்தப்பாவுக்குப் போன மாதம் பட்டா வந்தது, கூட்டுப் பட்டாவாக. அதில் சின்ன அத்தை பெயரில் ஒரு எழுத்துப் பிழை. அதைத் திருத்துவது எப்படி என்று தேடிப் பார்த்துவிட்டு நேற்று போன் பண்ணினார்: “எல்லாத்துலயும் பட்டான்னா என்னன்னுதான்டா போட்டிருக்கான்.”