ஹட்டனிலிருந்து காலிக் கோட்டை பார்க்கப் போவது எப்படி?

முதல் குழப்பமே பெயரில்தான். "கோட்டைக்கு டிக்கட்" என்றால் கொழும்புக் கோட்டைக்குத்தான் தருவார்கள். அங்கே இறங்கி, கரையோரப் பாதையில் காலிக்கு ரயில் மாறுங்கள். வலப்பக்க ஜன்னலில் உட்கார்ந்தால் கடல் தெரியும். ஒரே நாளில் போய்த் திரும்ப நினைக்காதீர்கள், ஓர் இரவு தங்குங்கள்.

காலி ஸ்டேஷனிலிருந்து கோட்டைக்கு நடந்தே போகலாம், நுழைவுக் கட்டணமும் இல்லை. மலைக்குளிருக்குப் பழகிய உடம்புக்கு நண்பகலில் மதில் மேல் நடப்பது ஆகாது, நிழலே கிடையாது. வெயில் நேரத்தில் 1755இல் கட்டிய ஒல்லாந்தர் தேவாலயத்துக்குள் போங்கள், தரையில் பதித்த கல்லறைக் கற்களைப் பார்க்கலாம். நாலரைக்கு மேல் மதிலேறினால் மேற்கே சூரியன் இறங்குவதையும் பார்க்கலாம். மே முதல் செப்டம்பர் வரை கடல் கொந்தளிக்கும், குளிக்க இறங்காதீர்கள்.

பலர் தவறவிடுவது பழைய வாசல். வெளிப்பக்கம் பிரித்தானிய முடிச் சின்னம். உள்ளே போய்த் திரும்பி அண்ணாந்து பாருங்கள்: இரண்டு சிங்கம், மேலே சேவல், 1669 என்ற ஆண்டு, நடுவில் வி.ஓ.சி. நம்ம வ.உ.சி. இல்லை, ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனி!

சீனத் தளபதி செங் ஹ 1409இல் பொறிப்பித்த, தமிழும் உள்ள மும்மொழிக் கல்லைக் காலியில் தேடாதீர்கள். 1911இல் கிடைத்தது அங்கேதான். இப்போது இருப்பது கொழும்பு அருங்காட்சியகத்தில். திரும்பும் வழியில் பார்த்துக்கொள்ளலாம்.