முதுகில் எழுதியது யார்?

கேள்வி: நான் திருநெல்வேலியில் முதுகலை ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சீன அமெரிக்க எழுத்தாளர் மாக்சின் ஹாங் கிங்ஸ்டனின் தன்வரலாற்று நூலான 'தி உமன் வாரியர்' என்பதை ஆய்வேட்டுக்கு எடுத்திருக்கிறேன். சீனாவில் மருத்துவம் படித்துத் திரும்பியுள்ள என் அண்ணன், அதில் வரும் மூலான் கதை சீனர்கள் சொல்லும் கதையே அல்ல என்கிறான். ஃபிராங்க் சின் என்ற இன்னொரு சீன அமெரிக்க எழுத்தாளரும் அவரைப் போலி என்று சாடியிருப்பதாக அறிந்தேன். என் நெறியாளரோ 'இரு பண்பாடுகளுக்கு இடையே ஒரு பாலம்' என்று தலைப்பு வைத்து எழுதச் சொல்கிறார். பொய்யான நூலைத் தேர்ந்தெடுத்துவிட்டேனா? நூலை மாற்றிவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: நூலை மாற்ற வேண்டாம், தலைப்பை மாற்றுங்கள். அதற்கான காரணத்துக்குப் போகும் முன், உங்கள் அண்ணன் சொல்வதில் உள்ள உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மூலானைப் பற்றிய பழைய சீனப் பாடல் 300 எழுத்துகளைச் சற்றே தாண்டும் அளவுக்குச் சிறியது. தறியின் முன் உட்கார்ந்து பெருமூச்சு விடும் பெண்ணில் அது தொடங்குகிறது. படைக்கு ஆள் எடுக்கும் பட்டியலில் வயதான தந்தையின் பெயர் இருக்கிறது, வீட்டிலோ அண்ணன் இல்லை. அதனால் அவள் ஆண் வேடமிட்டுப் போகிறாள், பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத் திரும்புகிறாள். கிங்ஸ்டனின் நூலில் மூலானுக்கு நேர்வதாக வரும், முதுகில் எழுத்துகளைக் கீறும் காட்சி அந்தப் பாடலில் எங்கும் இல்லை. அந்தக் காட்சிக்கு உரியவர் 12ஆம் நூற்றாண்டின் சோங் வம்சத் தளபதி யுவே ஃபெய். நாட்டுக்கு முழு விசுவாசத்தோடு கைம்மாறு செய்வேன் என்னும் பொருள்படும் நான்கு எழுத்துகளை அவருடைய தாய் அவர் முதுகில் பச்சை குத்தியதாகக் கதை வழங்குகிறது. கிங்ஸ்டன் அந்த ஆணின் முதுகிலிருந்த எழுத்தை எடுத்து ஒரு பெண்ணின் முதுகில் வைத்துவிட்டார். அறியாமல் நேர்ந்த பிழையன்று அது, தெரிந்தே செய்தது என்று அவரே பின்னாளில் விளக்கியிருக்கிறார்.

அப்படியானால் அது பொய்யா என்ற கேள்விக்கு, அவர் அந்தக் கதையை எங்கே, யாரிடம் கேட்டார் என்பதிலிருந்து வருவதே முறை. கிங்ஸ்டன் 1940இல் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரில் பிறந்தவர். சீனத்துக் கிராமத்தில் ஆசிரியராக இருந்த தந்தையும், மருத்துவமும் மகப்பேறும் பயின்ற தாயும் அமெரிக்காவில் அடுத்தவர் துணிகளைத் துவைத்து இஸ்திரி போட்டுப் பிழைத்தார்கள். கோடைப் பிற்பகலில் அந்த லாண்டரிக்குள் வெப்பமானி 111 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடும்போது, இனி ஒரு பேய்க்கதை சொன்னால்தான் முதுகு சில்லிடும் என்று அப்பாவோ அம்மாவோ சொல்வார்களாம். அது நம் கணக்கில் ஏறத்தாழ 44 டிகிரி செல்சியஸ். புழுங்கிச் சாகும் பிள்ளைகளுக்கு விசிறியாக வந்த கதைகள் அவை. யாரும் உட்கார வைத்துப் 'பண்பாடு' கற்பிக்கவில்லை. தலையும் வாலும் இல்லாமல், பாதியில் நின்று, அடுத்த முறை வேறு முடிவோடு வந்த கதைகள். கிங்ஸ்டன் முதன்முதலாகச் சீன மண்ணை மிதித்தது 1984இல். அதற்குள் அவருடைய முதல் இரண்டு நூல்களும் வெளிவந்துவிட்டன. ஆகவே அந்த நூலில் உள்ள சீனா, துணி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து ஒரு சிறுமி காதால் கட்டிய சீனா. அதைச் சீனாவைப் பற்றிய ஆவணமாகப் படித்தால் உங்கள் அண்ணனுக்கு வந்த கோபம் எவருக்கும் வரும்.

இங்கே நமக்குச் சட்டென்று ஒரு பதில் தோன்றும். வான்மீகியில் அகலிகை எவர் கண்ணுக்கும் தெரியாமல் சாம்பலில் கிடக்கிறாள், கம்பனில் கல்லாகிறாள். அதற்காகக் கம்பனைப் போலி என்றா சொல்கிறோம் என்று கேட்கலாம். நானும் வெகுநாள் அப்படித்தான் வாதிட்டு வந்தேன். ஆனால் ஃபிராங்க் சின்னின் கட்சி அந்த இடத்தில்தான் வலுப்பெறுகிறது. கம்பனைக் கேட்ட அவை இராமகாதையை முன்பே அறிந்த அவை. எங்கே மாற்றியிருக்கிறான் என்பதைக் கண்டுபிடிப்பதே அதற்கு ஒரு சுவை. 1976இல் கிங்ஸ்டனின் நூலை வாங்கிய வெள்ளை அமெரிக்க வாசகருக்கு மூலானும் தெரியாது, யுவே ஃபெய்யும் தெரியாது. போதாக்குறைக்கு, பதிப்பகம் அதைப் புனைவல்லாத நூல் என்ற வகையில் வெளியிட்டது. அமெரிக்காவின் தேசியப் புத்தக விமர்சகர் வட்ட விருதும் அந்தப் பிரிவிலேயே வந்து சேர்ந்தது. பெண்ணின் முதுகைக் கத்தியால் கீறுவது சீன வழக்கம் என்று ஒருவர் நம்பிவிட்டால் அவரை எப்படிக் குறை சொல்வது?

சின்னும் கிங்ஸ்டனைப் போலவே 1940இல் கலிஃபோர்னியாவில் பிறந்தவர், நாடகாசிரியர். 1991இல் தாமும் நண்பர்களும் தொகுத்த நூலில், மெய்யான எழுத்து எது, போலி எது என்று பிரித்து அவர் நீண்ட கட்டுரை ஒன்று எழுதினார். தன்வரலாறு என்ற வடிவமே கிறிஸ்தவப் பாவமன்னிப்பு மரபிலிருந்து வந்தது, வெள்ளையர் கேட்க விரும்பும் வாக்குமூலம் அது என்பது அவருடைய குற்றச்சாட்டு. அதில் மிகை இருக்கிறது. பெண்கள் எழுதி விற்றதுதான் அவரை அதிகம் உறுத்தியதோ என்ற ஐயமும் எனக்கு உண்டு. இருந்தாலும் அந்தக் கசப்புக்கு ஒரு முன்கதை இருக்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோவில் வளர்ந்த ஜேட் ஸ்னோ வாங் 1950இல் தம் வாழ்க்கைக் கதையை, 'நான்' என்று சொல்வது அடக்கமாகாது என்று கருதி, 'அவள்' என்று படர்க்கையில் எழுதி வெளியிட்டார். 1953இல் அமெரிக்க வெளியுறவுத் துறை அவரை நான்கு மாதம் ஆசியச் சுற்றுப்பயணத்துக்கு அனுப்பியது. தில்லிக்கும் அவர் வந்து பேசியிருக்கிறார். எங்கள் நாட்டில் சீனப் பெண்ணும் முன்னேறலாம் என்று பனிப்போர்க் காலத்தில் காட்டுவதற்கு அவர் தோதாக இருந்தார். உங்கள் நெறியாளர் சொல்லும் 'பாலம்' அப்போதிருந்தே ஓர் அரசுப் பணி. நான் அந்தச் சொல்லைக் கண்டு தயங்குவது இதனால்தான்.

'இரு பண்பாடுகளுக்கு இடையே' என்பதிலும் எனக்குச் சிக்கல் இருக்கிறது. எந்தச் சீனம், எந்த அமெரிக்கா? கிங்ஸ்டன் வீட்டில் பேசியது குவாங்டோங் மாகாணக் கிராமத்து வட்டாரப் பேச்சு. அவருக்குப் பன்னிரண்டு ஆண்டு இளையவரான இன்னொரு சீன அமெரிக்க எழுத்தாளர் ஏமி டானின் தாய் ஷாங்ஹாயிலிருந்து வந்தவர், தந்தை பாப்டிஸ்ட் சபையின் போதகர். இரு வீட்டாரையும் ஓர் அறையில் உட்கார வைத்தால் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரிவதே கடினம். ஆய்வேட்டில் 'சீனப் பண்பாடு' என்று எழுதும் ஒவ்வொரு முறையும் எந்த ஊர், எந்த ஆண்டு, என்ன தொழில் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

நூலில் ஒரு சின்ன இடத்தைக் காட்டுகிறேன். வகுப்பில் உரக்கப் படிக்கச் சொல்கிறார்கள். சிறுமிக்கு ஆங்கிலத்தின் 'ஐ' என்ற எழுத்தில் நாக்கு நின்றுவிடுகிறது. சீனத்தில் 'நான்' என்பதற்கு ஏழு கோடுகள். இங்கே மூன்றே மூன்று, அதிலும் நடுவில் ஒன்று விறைப்பாக நிற்கிறது. இதை எப்படி 'நான்' என்பது என்று அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆசிரியைக்குப் பொறுமை போய், அவளை மாடிப்படிக்குக் கீழே மூலையில் உட்கார அனுப்புகிறார். அதே பிள்ளைகள் மாலையில் சீனப் பள்ளிக்குப் போய்த் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். ஊமையாக இருந்தது பிள்ளையின் சுபாவமன்று, இடத்தின் விளைவு என்பதை இரண்டு பள்ளிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவர் காட்டிவிடுகிறார்.

அந்த மௌனத்துக்கு வீட்டுக்குள் இன்னொரு வேர் இருந்தது. ஆய்வேட்டின் நடுப்பகுதியை அதற்கே ஒதுக்கச் சொல்வேன். 1882இல் சீனத் தொழிலாளர் உள்ளே வருவதை அமெரிக்கா சட்டம் போட்டுத் தடுத்தது. அந்தத் தடை 1943 வரை நீடித்தது. நீக்கிய பிறகும் ஆண்டுக்கு 105 பேர் என்றுதான் ஒதுக்கீடு. 1906ஆம் ஆண்டு நிலநடுக்கத்தோடு மூண்ட தீயில் சான் ஃபிரான்சிஸ்கோவின் பிறப்புப் பதிவேடுகள் எரிந்துபோயின. நான் இங்கே பிறந்தவன், ஊரில் எனக்கு இத்தனை மகன்கள் என்று சொல்லி, அந்த இடங்களில் வேறு பையன்களை அழைத்துவர அதனால் வழி பிறந்தது. 'காகித மகன்கள்' என்று அவர்களுக்குப் பெயர். குடியேற வருவோரை நிறுத்தி விசாரித்த, சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் ஏஞ்சல் தீவில் அதிகாரிகள் உங்கள் வீட்டுக்கு எத்தனை படி, அரிசிப் பானை எந்த மூலையில் என்று துருவிக் கேட்பார்கள். பையன்கள் கப்பலிலேயே விடைகளை உருப்போட்டு வருவார்கள். இப்படி வந்தவர் தம் உண்மைப் பெயரைப் பெற்ற பிள்ளையிடம்கூடச் சொல்ல முடியாது, பிள்ளை பள்ளியில் உளறிவிட்டால் குடும்பமே கப்பலேற வேண்டியிருக்கும். கிங்ஸ்டனின் நூல், யாரிடமும் சொல்லாதே என்று தாய் மகளை எச்சரிப்பதோடு தொடங்குகிறது. அங்கே மறைக்கச் சொல்வது ஓர் அத்தையின் சாவை. ஆனால் வாயைக் கட்டும் அந்தப் பழக்கம் குடியேற்ற அலுவலகத்தின் கதவு வரைக்கும் நீள்கிறது. கதைகள் பாதியில் நின்றதற்குச் சட்டத்துக்கும் பங்கு உண்டு.

ஆகவே 'தி உமன் வாரியர்' நூலைத் தனியாக எடுக்காமல், அவருடைய அடுத்த நூலான 'சைனா மென்' என்பதையும் சேர்த்துப் படியுங்கள். 1980இல் வந்தது. கதைகளுக்கு நடுவே திடீரென்று ஓர் அத்தியாயம் முழுக்கச் சட்டங்களை ஆண்டுவாரியாக அடுக்கியிருப்பார். இலக்கிய நயம் துளியும் கிடையாது. வாசகருக்கு வரலாறு தெரியாது என்பதை அவர் புரிந்துகொண்டதற்கு அதுவே சாட்சி. சின்னின் கட்டுரைக்கு முன்பே வந்துவிட்டாலும், அவருக்குக் கிடைத்த சிறந்த பதிலும் அதுதான் என்பது என் கருத்து. தந்தை அமெரிக்காவுக்கு வந்த கதையை அதே நூலில் ஒன்றுக்கு மேற்பட்ட விதமாகச் சொல்கிறார்: ஒன்றில் கப்பலின் மரப்பெட்டிக்குள் ஒளிந்து கள்ளத்தனமாக வருகிறார், இன்னொன்றில் ஏஞ்சல் தீவில் விசாரணைக்கு உட்பட்டு முறைப்படி வருகிறார். எது உண்மை என்று தேடி உங்கள் நேரத்தை வீணாக்காதீர்கள். உண்மையைச் சொன்னால் தந்தையைக் காட்டிக்கொடுத்ததாகுமோ என்று அஞ்சிய மகள் எழுதிய பக்கங்கள் அவை.

வாய் திறக்காத அந்தத் தந்தையிடம், உங்கள் மௌனத்திலிருந்து நான் ஊகிப்பதைச் சொல்கிறேன், தவறென்றால் நீங்களே பேசித் திருத்துங்கள் என்று நூலுக்குள்ளேயே மகள் கேட்டிருந்தார். பிற்பாடு அவருடைய நூல்கள் சீன மொழியில் அனுமதியின்றி அச்சாகிப் புழங்கின. அந்தப் பிரதிகளில் ஒன்று தந்தையின் கைக்கு வந்தது. ஊரில் ஆசிரியராக இருந்தவர் அல்லவா, செய்யுளுக்கு உரை எழுதும் பழைய சீன வழக்கப்படி, மகளின் அச்செழுத்தைச் சுற்றியிருந்த வெற்று ஓரங்களில் தம் பதில்களைக் கையால் எழுதி நிரப்பினார்.