ஏ, பி ஓங்கு பண்புகள் என்றால் ஓ ரத்தம் ஏன் இன்னும் மறையவில்லை?

மறையாது. ஓங்கு, ஒடுங்கு என்பதெல்லாம் ஒரே ஆளுக்குள் இரண்டு ஜீன் நகல்கள் சேர்ந்திருக்கும்போது எது வெளியே தெரியும் என்பதை மட்டுமே சொல்கின்றன. ஊரில் எது பெருகும் என்பது வேறு கேள்வி. மூளை நரம்புகளைச் சிதைக்கும் பரம்பரை நோயான ஹண்டிங்டன் நோய் ஓங்கு பண்புதான், ஆனாலும் மிக அரிது.

குழப்பம் ‘ஓங்கு’ என்ற சொல்லிலிருந்து வந்திருக்கும் என்று நினைக்கிறேன். சாதி ஆதிக்கம், மொழி ஆதிக்கம் என்று கேட்டுப் பழகிய காதுக்கு, ஓங்கியது மற்றதை நசுக்கிவிடும் என்றுதான் தோன்றும். ஜீனில் நசுக்கல் எதுவும் இல்லை. ஏ நகல், ரத்தத்தை ஏ வகையாக்கும் ஒரு நொதியை (வேதிவினையை நடத்தும் புரதத்தை) உண்டாக்குகிறது. ஓ நகலில் பெரும்பாலும் ஒரே ஒரு டி.என்.ஏ. எழுத்து விடுபட்டிருப்பதால் அந்த நொதி வேலை செய்வதில்லை. ஒரு ஏ நகல் இருந்தாலே தேவையான நொதி கிடைத்துவிடும், அவ்வளவுதான். பக்கத்தில் இருக்கும் ஓ நகல் சேதமில்லாமல் பிள்ளைக்குப் போகிறது.

தாளில் போட்டுப் பாருங்கள்:

1. பெற்றோர் இருவரும் ஏஓ, அதாவது ஆளுக்கு ஒரு ஏ நகல், ஒரு ஓ நகல். பிள்ளைகளுக்கு வாய்ப்பு ஏஏ, ஏஓ, ஏஓ, ஓஓ.
2. இப்போது ஆட்களை விட்டுவிட்டு நகல்களை எண்ணுங்கள். 4 ஏ, 4 ஓ. பெற்றோரிடம் இருந்த அதே பாதிக்குப் பாதி.

1908-இல் கணித மேதை ஹார்டி இதே சந்தேகத்துக்குத்தான் இந்தக் கணக்கை எழுதினார். நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர்கள்.

ஒன்று மட்டும் கவனம்: ஏதாவது ஒரு நகல் உயிர்பிழைப்பைப் பாதித்தால் விகிதம் மாறும். அப்புறம், சொந்தத்தில் கல்யாணம் செய்வது மட்டும் நகல்களின் விகிதத்தை மாற்றாது; ஒடுங்கு பண்பு வெளிப்படும் வாய்ப்பைத்தான் கூட்டும்.