விடுதலைப் பத்திரமும் நோன்புக் கஞ்சியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பக்கத்து வீட்டில் இந்துக் குடும்பம். பள்ளிவாசலில் வாங்கும் நோன்புக் கஞ்சியை அவர்களுக்குக் கொடுக்கலாமா? (மேலப்பாளையம்)

தாராளமாகக் கொடுங்கள். வீட்டில் ஆடு அறுத்த அன்று அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி), "நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா?" என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டார்கள். திர்மிதி என்ற நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. சூடாக இருக்கும்போதே கொண்டுபோய்க் கொடுங்கள். மிஞ்சின பிறகு கொடுப்பது அழகல்ல.

பீடி சுற்றிக் கிடைக்கும் வாரக் கூலியைக் கணவர் வாங்கி வைத்துக்கொள்கிறார். கேட்டால், "குடும்பத் தலைவன் நான்தானே" என்கிறார்.

உங்கள் கூலி உங்களுடையது. குடும்பச் செலவு அவர் பொறுப்பு. நீங்களாக மனமுவந்து கொடுத்தால் உறவைப் பேணியதற்கு ஒன்று, தர்மத்துக்கு ஒன்று என்று இரட்டைக் கூலி உண்டு. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவி ஜைனப் (ரலி) கேட்டபோது நபி (ஸல்) சொன்ன பதில் இது. அந்த அம்மா தானாகக் கொடுக்க வந்தவர், அவரிடமிருந்து யாரும் பிடுங்கவில்லை. கணவர் கடனாகக் கேட்டால் கடன் என்றே எழுதி வையுங்கள்.

கோபத்தில் தலாக் சொல்லிவிட்டேன். செல்லுமா? உடனே பதில் தரவும்.

ஒன்றரை வரிக் கடிதம். எத்தனை தடவை சொன்னீர்கள், எப்போது சொன்னீர்கள், இதற்கு முன் சொன்னதுண்டா, ஒன்றும் இல்லை. ஊர்ப்பெயர்கூட இல்லை. ஒரு பெண்ணின் வாழ்க்கையை, மருந்துக் கடையில் தலைவலி மாத்திரை கேட்பதுபோலக் கேட்டிருக்கிறீர்கள். கடிதத்தில் இதற்குத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். இரண்டு வீட்டுப் பெரியவர்களோடும் ஜமாஅத்தில் போய் உட்காருங்கள். ஒரே மூச்சில் மூன்று சொல்லியிருந்தால், 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி அது செல்லாது. 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. உபதேசம் கேட்டு வந்த மனிதரிடம் நபி (ஸல்) திரும்பத் திரும்பச் சொன்னது, "கோபப்படாதீர்" என்ற ஒன்றைத்தான்.

வாப்பா மவுத்தாகி ஏழு மாதம். கடையநல்லூர் பக்கம் 2 ஏக்கர் நஞ்சை இருக்கிறது. நாங்கள் ஆண் இரண்டு, பெண் மூன்று. தங்கச்சிமாருக்கு நகை, சீர் எல்லாம் செய்தாயிற்று. பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கினால் போதும்தானே? அவர்களும் சம்மதம் என்கிறார்கள்.

போதாது. உங்கள் உம்மா இருக்கிறார்களா என்று எழுதவே இல்லை. மகன்மார் எழுதும் கடிதத்தில் எப்போதும் விடுபட்டுப்போவது உம்மாதான். முதலில் கடன், பிறகு வஸிய்யத் (மரண சாசனம்), பிறகு பங்கு. இந்த வரிசையை எத்தனை தடவை எழுதியிருப்பேனோ தெரியாது, இன்னொரு தடவையும் எழுதுகிறேன். வாப்பாவின் பெற்றோர் இல்லை, உம்மா இருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், கடன் போக மிஞ்சியதை எட்டாக்குங்கள். உம்மாவுக்கு ஒன்று, ஆண்களுக்கு இரண்டிரண்டு, பெண்களுக்கு ஒவ்வொன்று. அதாவது ஒரு தங்கச்சிக்கு 25 சென்ட்.

சீர் கொடுத்தது வாப்பா. உயிரோடு இருக்கும்போது அவர் கொடுத்தது அன்பளிப்பு. மவுத்துக்குப் பின் வருவது அல்லாஹ் வகுத்த பங்கு. அதில் இதைக் கழிக்க உங்களுக்கு உரிமை இல்லை. "வயலில் பெண்ணுக்குப் பங்கு கிடையாது" என்று நம் பக்கத்தில் இன்னும் சொல்கிறார்கள். 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டத்தில் விவசாய நிலம் சேராமல் இருந்தது உண்மை. சென்னை மாகாணம் 1949லேயே அதைத் திருத்திச் சேர்த்துவிட்டது.

உஹத் போரில் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) ஷஹீதானார்கள். அவர் மனைவி இரண்டு பெண் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நபியிடம் வந்து, "இவர்களின் சித்தப்பா சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார்" என்றார்கள். குர்ஆனின் பங்கு வசனம் இறங்கியது. நபி (ஸல்) அந்தச் சித்தப்பாவை அழைத்து, பெண் பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு, மனைவிக்கு எட்டில் ஒன்று, மிச்சம் உமக்கு என்றார்கள். இந்த நிகழ்ச்சியை ஜும்ஆவில் கேட்டுக் கண் கலங்குகிறவர்களே திங்கட்கிழமை தங்கச்சியைப் பத்திர ஆபீசுக்குக் கூட்டிப் போகிறார்கள்.

"சம்மதம்" என்கிறீர்கள். என் பெரியம்மா சம்மதித்த அன்று நான் கூட இருந்தேன், 12 வயதிருக்கும். பத்திர ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள், மடியில் தம்பி வாங்கிக் கொடுத்த புதுச்சேலைப் பொட்டலம். "இங்கே ஒரு கைநாட்டு வை லாத்தா, சாப்பிடப் போகலாம்" என்றார் அந்தத் தம்பி, என் மாமா. வைத்தார்கள். வீடு வந்து சேரும்வரை அந்தப் பெருவிரலை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தார்கள். மறுத்தால் நாளைக்குப் பிறந்த வீட்டு வாசல் இருக்காதே என்ற பயத்தில் வைத்த கைநாட்டு அது. அதைச் சம்மதம் என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

மெய்யான சம்மதமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. முதலில் 25 சென்டையும் அவரவர் பெயரில் பதிந்து, பட்டா மாற்றிக் கையில் கொடுங்கள். ஒரு போகம் அவர்களே அறுக்கட்டும். அதன் பிறகும் "காக்கா, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அப்போதும் எழுதி வையுங்கள்.

மய்யித் (இறந்தவர்) வீட்டில் மூன்றாம் நாள் 300 பேருக்குச் சாப்பாடு போடாவிட்டால் ஊர் பேசுமே?

பேசட்டும். ஜஅஃபர் (ரலி) ஷஹீதான செய்தி வந்ததும், "ஜஅஃபர் வீட்டாருக்குச் சாப்பாடு செய்து கொடுங்கள்" என்றுதான் நபி (ஸல்) சொன்னார்கள். நாம் அதை அப்படியே தலைகீழாக்கி வைத்திருக்கிறோம். பிரியாணிக்கு வைத்திருக்கும் பணத்தில் மய்யித்தின் கடனை அடையுங்கள். கடனோடு இறந்தவருக்கு நபி (ஸல்) ஜனாஸா தொழவைக்கத் தயங்கி நின்றார்கள். அபூகதாதா (ரலி) கடனைத் தன் பொறுப்பில் ஏற்ற பிறகே தொழவைத்தார்கள்.

வாட்ஸ்அப்பில் வந்த இந்த ஹதீஸ் சரியானதா?

நூல் பெயர் இல்லை, எண் இல்லை. அது தெரியும்வரை யாருக்கும் அனுப்பாதீர்கள். கேட்டதையெல்லாம் பேசுவதே ஒருவனைப் பொய்யனாக்கப் போதும் என்ற நபிமொழி, 'முஸ்லிம்' என்ற ஹதீஸ் நூலின் முன்னுரையிலேயே இருக்கிறது.

மகள் கல்யாணத்துக்கு, மணமக்கள் பெயரும் தேதியும் போட்டுப் பத்தமடைப் பாய் நெய்யச் சொல்லியிருக்கிறோம். வீண்விரயமா?

இல்லை. கோரையை இழை இழையாகக் கிழித்து மாதக்கணக்கில் நெய்கிற நம் பெண்களின் பிழைப்பு அது. வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுங்கள் என்ற நபிமொழி இப்னு மாஜா என்ற ஹதீஸ் நூலில் இருக்கிறது. பாய் கைக்கு வந்த அன்றே பாக்கியைத் தீர்த்துவிடுங்கள், "கல்யாணம் முடியட்டும்" என்று இழுக்காதீர்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம், மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கும் மஹர் எவ்வளவு, ரொக்கமா தவணையா என்று பேசியாயிற்றா? உங்கள் கடிதத்தில் பாயின் நீளம் அகலமெல்லாம் இருக்கிறது, அது மட்டும் இல்லை. பேசி, நிக்காஹ் தஃப்தரில் (திருமணப் பதிவேட்டில்) தொகையோடு எழுதச் சொல்லுங்கள்.